ஒன்பதடிச் சந்துக்குள் ஆறடி லேத்தை இறக்க வழி சொல்லுங்க (பட்ஜெட் 25,000)

சூலூர் பம்ப்செட்

வணக்கமுங்க. சூலூரில் வீட்டுக்குப் பின்னால் 20க்கு 14 அடியில் ஷெட் போட்டு பம்ப்செட் சர்வீஸ் பார்க்கிறேன். காயில் கட்டுவது, புஷ் மாற்றுவது, சீல் மாற்றுவது எல்லாம் நானே செய்துவிடுவேன். ஷாஃப்ட் தேய்ந்து வந்தால்தான் சிக்கல். அதன் மேல் மாட்டுகிற ஸ்லீவ் கடைய கோவையில் கணபதி ஏரியா வரை போய், லேத் பட்டறைக்காரர்கள் கை ஒழிகிற வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்து, திரும்பி வருவதற்குள் பொழுது போய்விடும். அதனால் இந்த மாதம் துணிந்து ஒரு பழைய லேத்துக்கு (கடைசல் மெஷின்) அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆறடி பெட் (மற்ற பாகங்கள் உட்காருகிற நீளத் தளம்), பஞ்சாபில் பட்டாலாவில் செய்தது. மூடப்போகிற ஒரு பட்டறையில் இருக்கிறது. "900 கிலோ வரும்" என்கிறார் விற்பவர்.

ஏற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அங்கே ஓவர்ஹெட் கிரேன் இருக்கிறது. இறக்குவது என் பாடு. எங்கள் சந்து 9 அடி. முதலில் ஹைட்ரா கிரேன் வண்டிக்குத்தான் சொன்னேன். வண்டிக்காரர் நேரில் வந்து பார்த்தார். முனையில் திருப்ப முடியாது, திருப்பினாலும் மேலே இ.பி. கம்பி போகிறது, பூம் தூக்க மாட்டேன் என்று சொல்லி, வந்து போனதற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்தான். 500 தான் வலிக்கிறது.

வீட்டு முன்வாசல் 16 அடி அகலம், சிமெண்ட் தளம். அங்கிருந்து ஷெட்டுக்கு 30 அடி. ஷெட் வாசலில் 4 இஞ்ச் படி ஒன்று இருக்கிறது. சுவர் உயரம் 11 அடி, மேலே ஆங்கிள் டிரஸ் (கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டம்), சிமெண்ட் ஷீட். டிரஸ்ஸிலேயே ஒரு செயின் பிளாக் (கையால் சங்கிலி இழுத்துத் தூக்குகிற கப்பி) மாட்டிவிட்டால் என்ன என்று மனைவியின் தம்பி கேட்கிறான். ஆன்லைனில் மடக்குகிற என்ஜின் கிரேன் "2 டன்" என்று போட்டு வருகிறது. கரண்டில் ஓடும் குட்டி ஹாய்ஸ்டும் பார்த்தேன், "500 கிலோ", விலை ஆசை காட்டுகிறது.

லேத்தோடு முடிகிற வேலையும் இல்லை. 15 எச்.பி. மோட்டாரோ டீசல் என்ஜினோ வந்தால் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுத்தான் தூக்குகிறேன். எனக்கு இடுப்பு ஏற்கெனவே ஒரு தடவை பிடித்துப் பத்து நாள் படுக்க வைத்துவிட்டது. 25,000க்குள் உருப்படியாக என்ன செய்யலாம்?

பீளமேடு ரைடர்

இதுக்குப் போய் 25,000 எதுக்கு அண்ணா? ஆறு பேரைக் கூப்பிடுங்க, ஆளுக்கு ஒரு பிரியாணி. எங்க தெருவில் ஜெனரேட்டரையே அப்படித்தான் இறக்கினோம்.

பழைய மில் பிட்டர்

தம்பி, பிரியாணி யோசனையை முதலில் விடுங்கள். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 150 கிலோ. அதுவும் சமமாக வராது. லேத்தின் கனமெல்லாம் ஹெட்ஸ்டாக் பக்கம், அதாவது கியர்கள் இருக்கிற இடது முனையில். அந்த முனையில் நிற்கிற இரண்டு பேர் தலையில்தான் விடியும்.

32 வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸில் இருந்தவன் நான். ரிங் ஃபிரேம், கார்டிங் எல்லாம் வந்து இறங்கும். அப்போதெல்லாம் எங்களிடம் இருந்தது கடப்பாரை நாலு, பாட்டில் ஜாக்கி இரண்டு, பைப் துண்டுகள், தேக்குக் கட்டைகள், ஒரு செயின் பிளாக். அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்களுக்குத் தூக்குகிற வேலை ஒரே இடத்தில்தான், வண்டித் தட்டிலிருந்து தரைக்கு. மீதி 30 அடியும் நகர்த்துகிற வேலை. அதற்குக் கிரேன் எதற்கு?

என்ஜின் கிரேன் நல்ல சாமான்தான், கார் என்ஜின் இறக்குவதற்கு. அதில் 2 டன் என்பது கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்திருக்கும்போது. ஒவ்வொரு ஓட்டையாகக் கை நீள நீள ஒன்றரை, ஒன்று, கடைசி ஓட்டையில் அரை டன்தான். உங்கள் லேத் பிக்கப் தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும், அதை எட்ட அந்தக் கடைசி ஓட்டைதான் வேண்டும். கரண்ட் ஹாய்ஸ்டிலும் இதே கதை. 500 கிலோ என்று பெரிதாக எழுதியிருப்பான். ஒற்றைக் கம்பியில் 250 தான். கீழே கப்பி மாட்டிக் கம்பியை இரட்டையாக ஓட விட்டால்தான் 500, அப்போது உயரமும் பாதியாகிவிடும். எப்படியும் உங்கள் லேத் அதில் ஏறாது.

டிரஸ்ஸை மறந்துவிடுங்கள். அது ஷீட்டையும் காற்றையும் தாங்கக் கட்டியது. ஒரு டன்னை ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் ஆங்கிள் மடங்கி, ஷீட் எல்லாம் தலையில் வந்து விழும். மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு கேன்ட்ரி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஏ வடிவத்தில் கால், மேலே ஒரு ஐ பீம், நடுவில் செயின் பிளாக். கேன்ட்ரிக்கு அடியில் பிக்கப் பின்னால் வர வேண்டும். லேத்தைத் தட்டிலிருந்து நாலு இஞ்ச் தூக்கி, வண்டியை முன்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, அப்படியே நேராகக் கீழே இறக்க வேண்டும். சுமையை நகர்த்தவே வேண்டாம், வண்டி நகர்ந்தால் போதும். அதனால் பீமில் ஓடுகிற டிராலியும் வேண்டாம், பீமைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பீம் கிளாம்ப் போதும். காசு மிச்சம்.

பிளாக் 2 டன் வாங்குங்கள். 1 டன் பிளாக்கில் 900 கிலோவைத் தொங்கவிட்டு அதன் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. அதிலும் அந்த 900 விற்பவர் வாயில் வந்த கணக்கு. வரும் வழியில் எடைமேடையில் வண்டியைக் காலியாக ஒரு தடவை, ஏற்றிக்கொண்டு ஒரு தடவை நிறுத்துங்கள். அப்புறம், குட்டியானை பிடித்துவிடாதீர்கள். அது முக்கால் டன் வண்டி. பிக்கப்பே பிடியுங்கள்.

புதுசுக்குக் காசு பற்றாது என்றால் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பிளாக் கிடைக்கும். ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதலில் கொக்கி. வாய் விரிந்திருந்தால் என்றோ அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறார்கள், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாக்கு, அதாவது கொக்கி வாயை அடைக்கிற ஸ்பிரிங் தகடு, இருக்க வேண்டும். அடுத்தது செயின். வெளியே பளபளப்பாக இருந்தாலும் ஒரு கண்ணி அடுத்த கண்ணியை உரசுகிற இடத்தைத் திருப்பி விரல் நகத்தால் தடவுங்கள். தேய்ந்திருந்தால் அங்கே இடுப்பு விழுந்திருக்கும், நகம் குழியில் இறங்கும். தகட்டில் டன் அளவும் ஐ.எஸ். 3832 என்றும் பொறித்திருந்தால் நல்லது. கடைசியாகக் கடைக்காரரிடம் சொல்லி ஏதாவது ஒரு கனமான சாமானை அரையடி தூக்கச் சொல்லுங்கள். ஏற்றும்போது உள்ளே "டக் டக் டக்" என்று சத்தம் ஒழுங்காகக் கேட்க வேண்டும், அது ராட்செட் பல்லில் நாய், அதாவது பின்னால் சுற்றவிடாத கொண்டி, விழுகிற சத்தம். கைச்செயினை விட்டுவிட்டு, சுமைச் செயினில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோடு ஒரு நூல்கூட இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் பிரேக் போச்சு.

அந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதற்கு எண்ணெய் விட மாட்டீர்கள். தொங்குகிற சுமையே இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிக்கொள்ளும். சுமை கூடக் கூடப் பிடி கூடும். நீங்கள் கைச்செயினை இறக்கப் பக்கம் இழுத்தால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக விடும். தட்டு காய்ந்திருக்க வேண்டும். "கிரீச்சென்று சத்தம் வருதே" என்று யாராவது ஒரு நல்லவர் ஆயில் கேனோடு வருவார், அவரைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இரும்பிலும் வெல்டிங்கிலும் பழசு வாங்கி, பேரம் பேசி மிச்சம் பிடியுங்கள். கொக்கி, செயின், பெல்ட் (சாமானைச் சுற்றிக் கட்டித் தூக்குவது), ஷேக்கிள் (யு வடிவ இணைப்பு வளையம்), இந்த நாலில் மட்டும் மிச்சம் பார்க்காதீர்கள். மில்லில் ஒரு தடவை 40 எச்.பி. மோட்டாரின் ஐ போல்ட்டில் (தலையில் வளையம் உள்ள போல்ட்) சங்கிலியை மாட்டிச் சாய்வாக இழுத்தோம். நேர் மேலே தூக்கத்தான் ஐ போல்ட். பக்கவாட்டில் இழுத்ததும் கழுத்தோடு முறிந்தது. ஓரடி உயரம்தான், என் இடது கால் பெருவிரல் நகம் இன்றைக்கும் நேராக வளர்வதில்லை.

துவாக்குடி வெல்டிங்

பிட்டர் ஐயா சொன்னதோடு கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். நாங்கள் பெல் நிறுவனத்துக்கு ஜாப் எடுத்துச் செய்கிற பட்டறை. இந்த மாதிரி கேன்ட்ரி நாலைந்து செய்து கொடுத்திருக்கிறோம்.

3 மீட்டர் இடைவெளி, நடுவில் 1 டன். பீமை வளைக்கிற பெண்டிங் மொமென்ட் 750 (கிலோ × மீட்டர்). ஐ.எஸ்.எம்.பி. 150 (150 மில்லிமீட்டர் உயர ஐ பீம்) போட்டால், வளைவைத் தாங்குவதற்கான அளவு, அதாவது அதன் செக்‌ஷன் மாடுலஸ் சுமார் 97 கன சென்டிமீட்டர். அப்போது சதுர சென்டிமீட்டருக்கு 775 கிலோ அளவில்தான் தகைவு (ஸ்ட்ரெஸ்) வரும். சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பு 2,500 கிலோவைத் தாண்டித்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும், ஆக மூன்று மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது. நடுவில் தொய்வு 4 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. பீம் மீட்டருக்கு 15 கிலோ, மொத்தம் 45. இரண்டு பேர் தோளில் வைத்து ஏற்றிவிடலாம். 125 போதும் என்று கடையில் சொல்வார்கள். மீட்டருக்குச் சுமார் இரண்டு கிலோதான் வித்தியாசம், 150 ஆகவே போடுங்கள்.

பீம் உடைந்து கேன்ட்ரி விழுந்ததை நான் பார்த்ததில்லை. கால்தான் வாரிவிடும். காலின் அடி அகலம் ஐந்தரை அடியாவது இருக்கட்டும். காலும் பீமும் சேர்கிற மூலையில் இரண்டு பக்கமும் சாய்வுத் தாங்கல் கட்டாயம். அது இல்லாமல் நாலு போல்ட்டை மட்டும் நம்பினால், பழைய கட்டில் ஆடுகிற மாதிரி ஆடி ஒரு பக்கம் படுத்துவிடும். எல்லாவற்றையும் பற்ற வைக்காதீர்கள். பீமும் காலும் சேர்கிற இடம் 16 எம்.எம். போல்ட், தலையில் 8.8 என்று பொறித்தது. கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். சக்கரம் போட்டால் வெறும் கேன்ட்ரியை நகர்த்த மட்டும்தான். சுமை தொங்கும்போது தள்ளினால், சிமெண்ட் தளத்தில் ஒரு ஜல்லி போதும் சக்கரம் சிக்க.

பெல்ட் கட்டும்போது கோணத்தைப் பாருங்கள். 1,000 கிலோவை இரண்டு பெல்ட்டில் கட்டினால் ஒவ்வொன்றிலும் 500 என்று நினைப்போம். பெல்ட் தரைக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் 577. 45 டிகிரியில் 707. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு 1,000 கிலோவை இழுக்கும். உயரம் இல்லை என்று பெல்ட்டைக் குட்டையாகக் கட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பெல்ட் நிறத்திலேயே அளவு சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். பச்சை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோடு போர்

எங்க ஊர்ப் பக்கம் சப்மெர்சிபிள் ஏற்றி இறக்க முக்காலி வைத்துக்கொள்வோம். மூன்று பைப், தலையில் ஒரு போல்ட், ஒரு செயின் பிளாக். மோட்டார், என்ஜின் தூக்க அதைவிடச் சல்லிசு கிடையாது, நாள் வாடகைக்கும் தருவார்கள். கால் விரியாமல் மூன்றையும் அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்டிவிட வேண்டும், அதை மறந்தால் போச்சு. ஆனால் சகோ கேட்கிற வேலைக்கு ஆகாது. மூன்று காலுக்கு நடுவில் பிக்கப் நுழையாதே.

சூலூர் பம்ப்செட்

எல்லாருக்கும் நன்றிங்க. கேன்ட்ரியே செய்கிறேன். பிட்டர் அண்ணாவிடம் இன்னும் இரண்டு கேள்வி. லேத்தை எங்கே பிடித்துத் தூக்குவது? கீழே இறக்கினதுக்கு அப்புறம் அந்த 30 அடியும் படியும் எப்படி?

பழைய மில் பிட்டர்

பெட்டுக்கு அடியில் பெல்ட்டைப் போட்டுத் தூக்க வேண்டும், ஹெட்ஸ்டாக்குக்கு ஒட்டினாற்போல. சக் (கடைகிற சாமானைப் பிடிக்கிற தலை), மோட்டார் இரண்டையும் முன்பே கழற்றி வேறாகக் கொண்டுவந்துவிடுங்கள், எடை குறையும். பெட் மேல் நகர்கிற சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் வலது கடைசிக்குத் தள்ளிப் பூட்டினால் கனம் ஓரளவு சமமாகும். முதலில் அரை இஞ்ச் மட்டும் தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் தணிகிறதோ, இறக்கிவிட்டு, பெல்ட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால்தான் சமம் கிடைக்கும், அவசரம் வேண்டாம். லீட் ஸ்குரூவும் ஃபீட் ராடும் முன்பக்கம் நீளமாக ஓடுகிறதே, பெல்ட் அவற்றின் மேல் அழுத்தக் கூடாது. இடையில் மரக்கட்டை கொடுத்து பெல்ட்டை வெளியே தள்ளி நிறுத்துங்கள். லீட் ஸ்குரூ ஒரு தடவை வளைந்தால் அப்புறம் அந்த லேத்தில் மரை வெட்டின மாதிரிதான்.

கீழே வைப்பதற்கு முன்பே, பெட்டைவிட ஓரடி நீளமாக இரண்டு 4க்கு 4 கட்டையை லேத்தின் காலோடு போல்ட் போட்டுவிடுங்கள். குறுக்கேயும் இரண்டு, லேத்துக்கு வெளியே முன்னும் பின்னும் ஓரடி நீட்டிக்கொண்டிருக்கும்படி. லேத் குடம் மாதிரி, மேலே கனம், கீழே குறுகல். கட்டையில்லாமல் தள்ளினால் முன்பக்கம் குப்புற விழும். அந்தக் கட்டைகளுக்கு அடியில் ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் ஐந்து துண்டு. எப்போதும் மூன்று அடியில் இருக்க வேண்டும், பின்னால் விடுபடுவதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போக ஒரு ஆள். தள்ள வேண்டாம், பின்னால் கடப்பாரையை ஊன்றி நெம்பினால் தானாகப் போகும். பைப்பை எடுத்து வைக்கிற ஆள் விரலை அதன் ஓட்டைக்குள் விட்டுப் பிடிக்கக் கூடாது, மேலாகப் பிடிக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படிக்கு, நாலு இஞ்சையும் ஒரே தடவையாக ஏற்ற நினைக்காதீர்கள். ஜாக்கியால் ஒரு முனையை ஒரு இஞ்ச், அடியில் பலகை. அடுத்த முனை ஒரு இஞ்ச், பலகை. நாலு சுற்று. எந்த நேரத்தில் ஜாக்கி வழுக்கினாலும் லேத் ஒரு இஞ்சுக்கு மேல் விழக் கூடாது.

சூலூர் பம்ப்செட்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். லேத் உள்ளே வந்துவிட்டது!

எடைமேடையில் 1,020 கிலோ காட்டியது, சக்கும் மோட்டாரும் கழற்றிய பிறகு. விற்பவரிடம் சொன்னேன், "அப்போ கூட இரும்புதானே கிடைச்சிருக்கு" என்கிறார்.

செலவு: பழைய பீம், பைப், சானல் எல்லாம் சேர்த்து 160 கிலோ, கிலோ 52 ரூபாய் என்று 8,320. வெல்டிங் கூலி 4,500. உக்கடத்தில் 2 டன் பிளாக் 5,500. முதலில் பார்த்த இரண்டு பிளாக்கிலும் நகம் குழியில் இறங்கியது, மூன்றாவதுதான் தேறியது. கடைக்காரர் ஒரு கியர்பாக்ஸைத் தொங்கவிட்டுக் காட்டினார், கோடு அசையவில்லை. பீம் கிளாம்ப் 1,800, பச்சை பெல்ட் இரண்டு 1,300, ஷேக்கிள் இரண்டு 500. மொத்தம் 21,920. பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்து 25 சிமெண்ட் மூட்டையை ஒரு மரத்தட்டில் அடுக்கி, முந்தின நாளே அரையடி தூக்கிக் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தேன். தாங்கியது. மூட்டைக்காரர் காசு கேட்கவில்லை, ஆனால் 25 மூட்டையையும் நானும் மச்சானும்தான் திரும்பச் சுமந்து அடுக்கினோம். இடுப்பு பரவாயில்லை.

தூக்கும்போது முதல் தடவை ஹெட்ஸ்டாக் பக்கம் சாய்ந்தது. இரண்டாவது தடவை டெயில்ஸ்டாக் பக்கம். மூன்றாவதில் நின்றது. வண்டியை முன்னால் எடுத்தபோது லேத் மட்டும் அந்தரத்தில் நின்றதைப் பார்த்து அம்மா வாசலிலேயே சூடம் ஏற்றிவிட்டார்கள். 30 அடி போக ஒன்றரை மணி நேரம், படி ஏற இன்னொரு மணி நேரம்.

கேன்ட்ரி இப்போது சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. நேற்று அதில் ஒரு 15 எச்.பி. மோட்டாரை நான் ஒருத்தனே தூக்கி டேபிளில் வைத்தேன். சூலூர், பல்லடம் பக்கம் யாருக்காவது ஒரு நாள் தேவைப்பட்டால் எடுத்துப்போங்கள், வாடகை வேண்டாம். போல்ட்டைத் தொலைக்காமல் கொண்டுவந்தால் போதும்.

பழைய மில் பிட்டர்

சந்தோஷம் தம்பி. லெவல் பார்த்தீர்களா?

சூலூர் பம்ப்செட்

இன்னும் இல்லைங்க அண்ணா. நேராக ஸ்லீவ் கடைய ஆரம்பித்துவிட்டேன், லேசாக டேப்பர் வருகிறது, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் பருமன் மாறுகிறது.

பழைய மில் பிட்டர்

லெவல் பார்க்காமல் ஓட்டினால் டேப்பர் வராமல் என்ன செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிட் லெவலோடு நான் வருகிறேன். பிரியாணி வாங்கி வையுங்கள்.